‘பிள்ளை தங்கல’: ஒரு பிரெஞ்சுப் படமும் நம்ம ஊர்க் கோர்ட்டும்

நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டது இது: “ஐயா, ‘செயிண்ட் ஒமேர்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்த ஒரு ஆபிரிக்கத் தாயின் வழக்கு. படம் முழுக்கப் பேச்சுத்தான். கடைசியில் தீர்ப்பும் இல்லை. அவள் புத்தி கெட்டவளா, பொய்க்காரியா? சூனியம் வைத்துவிட்டார்கள் என்கிறாளே, அதை எப்படி எடுப்பது? எங்கள் மாதர் சங்கத்தில் இதைப் போட்டுக் காட்டினால் விளங்குமா? கோர்ட்டில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.”

டீச்சர், நான் கோர்ட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் சட்டத்தரணியாக இல்லை. இலங்கை மலையகத்து நீதிமன்றங்களில் 29 வருஷம் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும், நீதிபதி சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பதும்தான் தொழில். அதனால் இந்தப் படத்தை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். என் பதிலும் காதுப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை கற்பனையில்லை. 2013 நவம்பரில், செனகலிலிருந்து பிரான்சுக்குப் படிக்க வந்து தங்கிவிட்ட ஒரு பெண், வட பிரான்சின் பெர்க் என்ற கடற்கரை ஊருக்கு ரயிலேறிப் போய், கடல் ஏறும் நேரத்தில் தன் 15 மாதப் பெண் பிள்ளையை மணலில் விட்டுவிட்டுத் திரும்பினாள். 2016இல் செயிண்ட் ஒமேர் என்ற சின்ன ஊரின் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இங்கிலாந்துக்குப் போவதற்காகக் கலேயில் காத்துக் கிடந்த நம் பையன்களுக்கு அந்த மாவட்டம் தெரிந்திருக்கும், இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆலிஸ் டியோப் என்ற இயக்குநர் அந்த வழக்கை நேரில் போய் உட்கார்ந்து கேட்டார். அவருடைய பெற்றோரும் செனகல்காரர்கள். அதுவரை ஆவணப்படம் எடுத்துவந்தவருக்கு இதுதான் முதல் கதைப்படம். 2022 வெனிஸ் விழாவில் நடுவர்களின் பெரும் பரிசும், முதல் படத்துக்கான பரிசும் கிடைத்தன. வசனத்தில் பெரும்பகுதி வழக்கில் பேசப்பட்டதை ஒட்டியே எழுதப்பட்டது. கோர்ட்டில் இருந்தவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். சினிமா வக்கீல்கள் பேசுவதுபோல் அதில் யாரும் பேசுவதில்லை. இருமுகிறார்கள், தாளைப் புரட்டுகிறார்கள், கேட்டதையே திரும்பக் கேட்கிறார்கள்.

படத்தில் கூண்டில் நிற்பவள் பெயர் லோரன்ஸ். அவளைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் பெயர் ராமா. நம்ம ஊரில் ராமா என்றால் ஆம்பிளைப் பெயர், அங்கே பெண் பெயர். மாதர் சங்கத்தில் போடுவதென்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் ராமன் எப்போது வருவான் என்று காத்திருப்பார்கள். ராமாவும் செனகல் வழிப் பெண், பிரான்சிலேயே வளர்ந்தவள். நான்கு மாதக் கர்ப்பம்.

சரி, பேச்சுக்கு வருவோம். லோரன்ஸ் பேசும் பிரெஞ்சு, படித்த பிரெஞ்சு. இலக்கணம் பிசகாது, குரல் உயராது, ஒரு சொல் தேடித் தடுமாறுவதில்லை. சின்ன வயதில் வீட்டில் வொலோஃப் என்ற செனகல் மொழி பேசக்கூடாது, நல்ல பிரெஞ்சுதான் பேசவேண்டும் என்று வளர்த்தவள் அவள் தாய். அந்தப் பிரெஞ்சே கோர்ட்டில் அவளுக்கு எமனாகிறது. இவ்வளவு அழகாகப் பேசுகிறவளுக்குத் தான் செய்தது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. சாட்சி சொல்ல வந்த அவளுடைய பேராசிரியை ஒரு கேள்வி போடுகிறார்: ஆபிரிக்கப் பெண்ணுக்கு விட்கன்ஸ்டைன் என்ற ஐரோப்பியத் தத்துவக்காரர் எதற்கு, தன் பண்பாட்டுக்குக் கிட்டிய ஒன்றை ஆராய்ந்திருக்கலாமே? அம்மையார் குரலில் கோபமில்லை, அக்கறைதான் இருக்கிறது. நானென்றால் படத்தின் மிகக் கொடுமையான வசனம் அதுதான் என்பேன், கடற்கரைக் காட்சியைவிட.

நம்ம பக்கம் இதற்கு நேர் எதிர் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் பெண்கள் கூண்டில் ஏறினால் மொழி தெரியாமல் நிற்பார்கள். 1988இல் 16ஆவது திருத்தம் வந்து சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் வடக்குக் கிழக்குக்கு வெளியே வழக்கேடு சிங்களத்தில்தான் ஓடும். தமிழ் பேசுகிறவளுக்கு உரைபெயர்ப்பாளர் உண்டு, அவ்வளவுதான். அதாவது நான் உண்டு.

அப்புறம் யோசித்தால் எதிரே இல்லை, இரண்டும் ஒன்றுதான். டவுனில் வீட்டு வேலைக்கிருந்து நல்ல சிங்களம் பிடித்துக்கொண்ட ஒரு பெண், நீதிபதியின் கேள்வியை நான் தமிழில் சொல்லுமுன்னே பதில் சொல்லிவிட்டாள். அந்த நிமிஷமே முன்வரிசையில் இருந்தவர்களின் பார்வை மாறியது. சிங்களம் தெரிந்தவள்தானே, அப்படியென்றால் பொலிஸில் கையெழுத்து வைத்ததும் விளங்கித்தான் வைத்திருப்பாள்! அடுத்த தவணைக்கு வரும்போது அவளுடைய சட்டத்தரணி அவளுக்குச் சொல்லியனுப்பியது: கையைக் கட்டிக்கொண்டு நில், தமிழில் மட்டும் பேசு, மெதுவாகப் பேசு. தோட்டத்துப் பெண் எப்படி நிற்பாள் என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. அதற்குள் அடங்கி நின்றால் இரக்கம் கிடைக்கும். வெளியே ஒரு கால் வைத்தால் சந்தேகம்தான். லோரன்ஸ் இரண்டு காலையும் வெளியே வைத்தவள்.

இப்போது நான் மறக்க நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கோர்ட், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். கலியாணமாகாத ஒரு பிள்ளை, தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள். வயிற்றை மறைத்து வைத்திருந்து, ஒரு விடியற்காலையில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தனியே பெற்றிருக்கிறாள். சிசுவின் உடல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கிடந்தது. பொலிஸில் அவள் சொன்னது இரண்டே சொல்: “பிள்ளை தங்கல.” நம்மில் யாருக்கும் இதற்கு உரை வேண்டாம். பிள்ளை பிழைக்கவில்லை, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை, வந்த வழியே போய்விட்டது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. குற்றம் அதில் யார் மேலும் இல்லை. வாக்குமூலத்தில் அது சிங்களத்தில் “ளமயா தியாகத்தே நே” என்று ஏறியிருந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தங்காமல் போனது பிள்ளை; வைத்துக்கொள்ளாமல் விட்டது தாய். ஒரு வினைச்சொல் மாறியதில் செய்தவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவன் நான். எழுதியிருந்ததை எழுதியபடி சொன்னேன்: “பிள்ளையை வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறாய்.” அவள் என் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் உரைபெயர்ப்பாளன் எழுதியிருப்பதைத் தாண்டிப் பேசக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோதுதான் அந்தச் சொல் புரண்டு வந்தது. அவளுக்கு ஆஜரான இளம் சட்டத்தரணியைத் தேடிப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைப்பேன். அவர் அடுத்த தவணையில் வாக்குமூலம் எழுதிய அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, தங்கல என்றால் என்னவென்று கேட்டார். ஓரிடத்தில் நிற்காமல் போவது என்றார் அவர். அதுவும் பிழையில்லை, பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான். சட்ட வைத்திய அதிகாரியாலும் பிள்ளை உயிரோடு பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் பிறப்பை மறைத்த குற்றத்தோடு முடிந்தது. ஆனால் அதற்குள் அவள் விளக்கமறியலில் இருந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவரை நம் நாட்டுக் கோர்ட்டுத் தமிழில் ‘எதிரி’ என்போம். “யாருக்குங்க ஐயா நான் எதிரி?” என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டிருக்கிறாள். அதைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், சிரித்தார்கள்.

மொழிபெயர்த்தவர் சரியாக இல்லாவிட்டால் உயிரே போகும் என்பதற்கு நம் நாடே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. மூதூரிலிருந்து வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ரிசானா நபீக். 2005இல் அவர் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. ஒப்புதல் வாக்குமூலம் வாங்கப்பட்டபோது இடையில் நின்று மொழிபெயர்த்தவரின் தகுதியே பின்னால் கேள்விக்குள்ளானது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது. அவர் மலையகத்துப் பிள்ளை இல்லை. ஆனாலும் அன்றைக்கு லயங்களில் அழுதார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் இல்லாத தோட்டம் எது? அதே 2013இல்தான் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். தகப்பனிடம் அப்படி ஒரு அறிக்கையும் கேட்கவில்லை. லோரன்ஸின் வழக்கிலும் பாருங்கள், பிள்ளையின் தகப்பன் சாட்சிக்கூண்டு வரைக்கும்தான் வருகிறார். அவளைவிட முப்பது வயதளவு மூத்த வெள்ளைக்கார மனுஷன், பேச்சில் மென்மை. அவர் வீட்டில்தான் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். பிள்ளை பிறந்ததைப் பதிவுகூடச் செய்யவில்லை. அவர் கெட்டவர் என்று படம் சொல்லவில்லை. கெட்டவர் இல்லாமலேயே ஒருத்தியை இல்லாதவளாக்கிவிடலாம் என்று காட்டுகிறது.

அந்தப் பதிவில்லாத பிள்ளை என்னை வேறெங்கோ கொண்டுபோனது. 1948இல் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்து நம் வீடுகளில் எத்தனை பேர் தாளில் இல்லாமல் பிறந்து தாளில் இல்லாமல் செத்தார்கள். 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள், மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். நாடற்றவர் என்ற சொல் சட்டத்தில் ஒருவழியாக முடிவுக்கு வந்தது 2003இல். கோர்ட்டில் அதன் வால் நீண்ட காலம் ஆடியது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர். முதல் இரண்டையும் கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவள் எழும்ப மாட்டாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. வரவில்லை என்று பிடியாணை பிறக்கும், அவள் வெளியே பெஞ்சில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருப்பாள். லோரன்ஸ் புதிதாக வந்தவள். நாம் ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள். ஆனாலும் வாக்குமூலத்தின் முதல் வரியில் இந்தியத் தமிழர் என்றுதான் எழுதுவார்கள்.

தீர்ப்பு ஏன் இல்லை என்று கேட்டீர்கள். உண்மை வழக்கில் 20 வருஷம் கொடுத்தார்கள், 2017 மேன்முறையீட்டில் 15 ஆயிற்று. மனநல மருத்துவர்களே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இயக்குநருக்கு இது தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார். பிரான்சில் அந்த மாதிரி வழக்கில் மூன்று நீதிபதிகளும் ஆறு ஜூரர்களும் இருப்பார்கள். தலைமை நீதிபதியே எதிரியை நேருக்கு நேர் கேள்வி கேட்பார். சின்ன வயதில் தாய் எப்படி நடத்தினாள், தகப்பன் எப்போது விலகினான், யாரைக் காதலித்தாய் என்றெல்லாம் கேட்பார். நம்முடையது வெள்ளைக்காரன் விட்டுப்போன முறை. எதிரி வாய் திறக்கவே தேவையில்லை. விரும்பினால் கூண்டில் நின்றபடி சத்தியமில்லாமல் ஒரு வாக்குமூலம் சொல்லலாம். அது எதிரிக்குப் பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் என் 29 வருஷத்தில், கூண்டில் நின்ற ஒரு பெண்ணிடம் உன் தாய் உன்னோடு பேசுவாளா என்று யாரும் கேட்டு நான் மொழிபெயர்த்ததில்லை. பெயர், வயது, தோட்டம், எந்த டிவிஷன். அதோடு சரி.

லோரன்ஸிடம் நீதிபதி ஏன் கொன்றாய் என்று கேட்கிறார். தெரியாது, இந்த வழக்கில் தெரியவரும் என்று நம்புகிறேன் என்கிறாள். பலர் இதைத் திமிர் என்று எடுப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூண்டில் ஏறியவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் செய்தது ஏன் என்று தெரியாது. தெரிந்ததுபோல் ஒரு பதிலைக் கட்டிக்கொடுப்பது சட்டத்தரணியின் வேலை.

சட்டம் கேட்டீர்களோ இல்லையோ, ஒன்று சொல்லவேண்டும். நம் தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் தாய்க்கென்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 12 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, பெற்றதன் பாதிப்பிலிருந்தோ பால் கொடுப்பதன் பாதிப்பிலிருந்தோ தாய் தேறாமல் புத்தி தடுமாறியிருந்தாள் என்றால், அது கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி இறங்கும். லோரன்ஸின் பிள்ளைக்கு 15 மாதம். இங்கே என்றால் மூன்று மாதம் முந்தியே அந்தக் கதவு சாத்தியிருக்கும். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்ததும் தாய்க்குப் புத்தி தெளிந்துவிடும் என்று யார் கணக்குப் போட்டார்களோ.

நம் கிழவிகளுக்கு இது சட்டமில்லாமலே தெரியும். பச்சை உடம்புக்காரியைத் தனியே விடாதே என்பார்கள். கதவு மூலையில் இரும்பு வைப்பார்கள், வேப்பிலை செருகுவார்கள். காத்துக் கருப்புக்கு என்பார்கள். சன்னி கண்டுவிடும் என்றும் அதே வாயால் சொல்வார்கள். வைத்தியர்கள் இன்றைக்குச் சொல்வது, 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு உண்மையிலேயே புத்தி கலங்கும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. கோடாங்கி அடித்துக்கொண்டு நாளைக் கடத்தினால் ஆபத்துத்தான். ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்ற விஷயத்தில் கிழவிகளும் வைத்தியர்களும் ஒரு கட்சி.

இதிலிருந்து சூனியக் கேள்விக்கு வரலாம். லோரன்ஸ் அதை நம்பித்தான் சொன்னாளா, கேட்டவர்கள் எதிர்பார்த்ததைக் கொடுத்தாளா? படம் முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறது, அது சரி என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் பண்பாடு என்ற சொல் கோர்ட்டில் நுழைந்தால் எதிரிக்கு உதவுவதுபோல் நடித்துக் காலை வாரிவிடும். ஒரு சட்டத்தரணி, நல்ல மனுஷன், தன் கட்சிக்காரிக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடினார்: சுவாமி, இவர்கள் தோட்டத்து ஜனங்கள், அறிவில்லாதவர்கள், பேய் பிசாசை நம்புகிறவர்கள், நம் அளவுகோலால் அளக்கக்கூடாது. தண்டனை குறைந்தது. அந்த வாதத்தை அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டிய ஆள் நான். “உனக்காகக் கேட்டுக்கொள்கிறார்” என்று மட்டும் சொன்னேன். மொழிபெயர்க்காமல் விழுங்கியது என் வேலைக்காலத்தில் அந்த ஒன்றைத்தான். விட்கன்ஸ்டைன் உனக்கு எதற்கு என்று கேட்ட பேராசிரியையும் இந்தச் சட்டத்தரணியும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடியவர்கள்.

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ராமா ஹோட்டல் அறையில் மெடியாவின் கதையைப் பழைய படமொன்றில் பார்க்கிறாள். புருஷன் கைவிட்டதால் பிள்ளைகளைக் கொன்ற கிரேக்கத் தாய். அதை வெட்டியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. கோர்ட்டில் அவ்வளவு நேரம் நம்மை உட்கார வைத்தவருக்கு நம் மேல் அந்த இடத்தில் நம்பிக்கை போய்விட்டதோ என்று தோன்றியது. ஆனால் நமக்கு அந்தக் கிரேக்கக் கதை தேவையே இல்லை. நல்லதங்காள் இருக்கிறாள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். ஏழையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். மூத்தவன் தப்பி ஓடினான், பிடித்து வந்து போட்டாள். அந்தக் கதையைக் கேட்டு அழாத பாட்டி நம் லயத்தில் இருந்ததில்லை. அவளுக்குக் கோயிலும் கட்டிக் கும்பிடுகிறோம். நம்ம ஆட்கள் கப்பலேறியதும் அதே மாதிரிப் பஞ்ச பூமியிலிருந்துதான், அதனால்தான் இங்கே அவ்வளவு ஒட்டிக்கொண்டது.

ஆனால் டீச்சர், நல்லதங்காளைக் கும்பிடுகிறோமே, ஏன்? அவளும் செத்தாள். ஏழு பிள்ளைகளை முடித்துவிட்டு அவள் கிணற்றடியில் நின்று, மறுநாள் பஸ்ஸேறி ஊருக்குப் போயிருந்தால் யாராவது பாட்டுப் பாடியிருப்பார்களா? லோரன்ஸ் செய்த பெருங்குற்றம், என் காதுக்குக் கேட்டபடி, உயிரோடு திரும்பி வந்ததும், வந்து தெளிவாகப் பேசியதும்தான்.

அவளுக்காக வாதாடும் அம்மையாரின் கடைசிப் பேச்சை மட்டும் மாதர் சங்கத்தில் நிறுத்தி, விளக்கிச் சொல்லுங்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் உயிரணுக்கள் தாயின் உடம்புக்குள் போய்த் தங்கிவிடும், தாயினுடையதும் பிள்ளைக்குள் போகும் என்கிறார். கற்பனை இல்லை. ஆண் பிள்ளை பெற்று 27 வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் இருந்ததை 1996இலேயே கண்டார்கள். தொப்புள்கொடி உறவு என்று நம் அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்வார்களே, அறுத்த பிறகும் அறாதது என்று அறிவியலும் சொல்லிவிட்டது. படத்தில் அந்தப் பேச்சுக்கு நடுவே கமெரா பெண்களின் முகங்களுக்குப் போகும். பல தாய்மாருக்கு அழுகை வரும், விடுங்கள்.

விளங்குமா என்றால், விளங்கும். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துப் போடுங்கள். எழுத்து ஓடுவதை நம்பாதீர்கள், பாதிப் பேருக்கு வாசிக்கும் வேகம் போதாது. பக்கத்தில் நின்று வாயால் சொல்லுங்கள், தோட்டத்துத் தமிழில் சொல்லுங்கள். லோரன்ஸ் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னாலுள்ள மரப்பலகையோடு ஒட்டிப்போகும் மண்ணிறம். ஒரு கட்டத்தில் அவள் ராமாவைத் திரும்பிப் பார்த்துச் சின்னதாகச் சிரிப்பாள். அங்கே பேசாமல் இருந்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரி இந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பிரெஞ்சும் இல்லை, எழுத்தும் வாசிக்கவில்லை, நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். நீதிபதி, சட்டத்தரணி, வைத்தியர், பேராசிரியை எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போகும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கோர்ட்டில் யாரும் கேட்காதது.

“பெத்தவளுக்குப் பத்தியம் ஆக்கிப் போட்டது யாரு? புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனது யாரு?”

யாருமில்லை, தனியாகத்தான் பெற்றாள் என்றேன்.